மேல்தட்டில் எரிந்த மெழுகுதிரி

என் மேல்வீட்டு வாசோ அக்காவுக்கு,

நான்தான், கீழ்வீட்டுப் பாக்கியம். உனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் எழுதுகிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. நீ உன் பாஷையில் எனக்கு ஏசின நாளெல்லாம் எனக்கும்தான் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எல்லாம் விளங்கினது. அப்படியே இதையும் பிடிச்சுக்கொள்.

நான் படிச்சது கொஞ்சம். பிழை இருந்தால் மகள் சுகந்தி திருத்துவாள். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இருந்த எங்கட சனத்துக்கு உன்னைத் தெரியும் என்பதால் அவையும் வாசிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். விளக்குமாறோடு வெளிப்படியில் நிற்கிற கிரேக்க மனிசி என்றால் அந்தத் தெருவில் ஆருக்குத்தான் தெரியாது?

முதலில் புதினம். உன் வீட்டை வாங்கினவர்கள் வெளிப்படிக்குக் கறுப்புப் பெயின்ற் அடிச்சுவிட்டார்கள். பின்வளவில் நின்ற உன் முந்திரிகைக் கொடியை அடியோடு வெட்டிப்போட்டார்கள். நான் இருந்த நிலக்கீழ் வீட்டில் இப்போது சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேர், யூனிவர்சிற்றியில் படிக்கினமாம். நான் ஜன்னலால் எட்டிப் பார்க்க, "யாரு வேணும் பாட்டி?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஒருத்தரும் வேண்டாம் ராசா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்லுறது?

நான் இப்போது சுகந்தியோடு இல்-பிசாரில் இருக்கிறேன். வீடு பெரிது, பஸ் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் தூர நின்று "பொன்ஜூர்" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அவர்களோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? சண்டை பிடிக்காமல் எப்படிப் பழகுறது?

இனி விஷயத்துக்கு வாறேன். நான் உன் ஊருக்குப் போய்வந்தேன். கிரீசுக்கு, உன் கலம்பாக்காவுக்கு. நீ செய் என்றதைச் செய்தேன். நீ செய்யாதே என்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பொறு. முழுக்கக் கேட்டுவிட்டுப் பேந்து ஏசு.

எங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள், அதனால் தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். நான் மொன்றியலுக்கு வந்த முதல் மாரியில் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன். வீடு முழுக்க இருமல். நீ விளக்குமாறோடு இறங்கி வந்து என் கதவை இடிச்சாய். அதை நான் மறக்கவில்லை. இத்தனை வருஷம் உன்னோடு சாப்பிட்டும் மறக்கவில்லை. அந்த மாரி முழுக்க இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் புவாண்ட்-கிளேரில் பெட்டி அடுக்கிற வேலையால் நான் வரப் பிந்திப்போச்சு. சுகந்தி பள்ளிக்கூடத்தால் வந்து, திறப்பு இல்லாமல் பனிக்குள் நின்றாளாம். நான் வந்து பார்த்தால் பிள்ளை உன் குசினியில் இருந்து பருப்புச் சூப் குடிக்கிறாள். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு நீ எப்படிச் சாப்பாடு கொடுப்பாய் என்று சண்டைக்குத்தான் படியேறினேன். நீ எனக்கும் ஒரு கோப்பை வைச்சாய். சண்டைக்கு வாய் வேணுமே. என் வாயில் சூப் இருந்தது.

அதன் பிறகு சுகந்தி உன் குசினியில்தான் வளர்ந்தாள். உங்கள் பாஷையை உன் அடுப்படியில் படிச்சாள். நீயும் நானும் கதைச்சது பாதி பிரெஞ்சு, கொஞ்சம் இங்கிலீசு, மிச்சம் கை.

மற்றப் பெண்கள் சமையல் பக்குவம் மாற்றிக்கொள்ளுவார்கள். நாங்கள் கோபங்களை மாற்றிக்கொண்டோம். நான் உனக்கு என் மச்சாளைத் தந்தேன். என் கலியாணத்தன்று கூறைச்சேலையைப் பார்த்து, "இந்த நிறம் கறுப்பிக்கு எடுபடாது" என்று சபையில் சொன்னவள். அதைக் கேட்டு நீ மேசையில் அடிச்சாய். பிறகு ஒருநாள் மெட்ரோ வாசலில் அந்த மச்சாள் சிரிச்சுக்கொண்டு வர, நீ சுவரைப் பார்த்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாய். உனக்கு அவள் ஒரு தீங்கும் செய்யவில்லை. எனக்காகச் செய்தாய். அண்டைக்குத்தான் நீ எனக்குச் சொந்தம் என்று முடிவெடுத்தேன்.

நீ எனக்குத் தந்தது உன் தங்கச்சி எலேனியை. உன் அம்மா ஊரில் செத்தபோது அவள் உனக்குச் சொல்லவில்லை. உங்கள் நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துபோச்சு. ஒரு ஞாயிறு, பார்க் எக்ஸ்டென்ஷன் வேதக்கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கிற இடத்தில், ஊரால் வந்த ஒருத்தி உன்னிடம், "உங்கட அம்மான்ர செத்தவீட்டுக்கு நல்ல சனம்" என்றாள். உன் கையில் கோப்பி. நீ அதைக் கீழே வைக்கக்கூட இல்லையாம், முழுக்கக் குடிச்சு முடிச்சாயாம். அதோடு எலேனியோடு கதை இல்லை.

உன் கோபம் நியாயம் என்று நான் அண்டைக்கே சொன்னேன். எங்கள் ஊரில் வெட்டுப்பகை என்றாலும் இழவு சொல்லாமல் விடமாட்டார்கள். வீட்டுக்குள் வராவிட்டாலும் வேலிக்கு அங்கால் நின்றாவது கூப்பிட்டுச் சொல்லுவார்கள். பகையாளியும் வந்து ஒரு பக்கமாய் நின்று பார்த்துவிட்டுப் போவான். அதைக்கூடச் செய்யாத தங்கச்சி என்ன தங்கச்சி?

கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடிச்சுச் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் வைச்சிருக்கிறேன்.

"என்ர ஊருக்குப் போ பாக்கியம். மலைக்குக் கீழை இருக்கிற பழைய கோயில்லை அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி வை. நான் வைக்கேல்லை."

"ஓம்," என்றேன்.

"நான் போனதை எலேனிக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நான் அறிஞ்ச மாதிரியே அவளும் அறியட்டும். கோப்பி குடிக்கேக்கை, ஆரோ ஒரு ஆள் வாயாலை."

"நான் வாய் திறக்கமாட்டன்," என்றேன். நீ சந்தோசமாய்க் கண்ணை மூடினாய்.

உன் மகனுக்கு அந்தச் சித்தியின் முகமே தெரியாது, அவன் சொல்ல நினைக்கவும் இல்லை. நீ மாசியில் போனாய். பனியில் நிலம் இறுகிக் கிடக்குது என்று சித்திரை வரை உன்னை வைச்சிருந்துதான் தாட்டார்கள். பூசைக்கு ஒருக்கா, தாட்ட அண்டைக்கு ஒருக்கா, இரண்டு தரமும் நான் வந்தேன். கண்டிருப்பாய்.

புரட்டாதியில் சுகந்திக்கு லீவு கிடைச்சுது. "அம்மா, கிரீசுக்குப் போறதெண்டால் ஒரு தீவையும் பாப்பம். கடல் நல்ல நீலமா இருக்குமாம்," என்றாள்.

"நான் பிறந்தது தீவு. மொன்றியல் தீவு. நீ இப்ப என்னைக் கொண்டுவந்து வைச்சிருக்கிற இல்-பிசாரும் தீவு. எனக்குத் தீவு காணும்," என்றேன்.

பஸ்ஸில் போனோம். ஒரு வளைவு திரும்ப, நீ சொல்லுற அந்தக் கல்மலைகள் தெரிஞ்சுது. நீ கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாய்தான், ஆனால் உன் கை காணாது அக்கா. குழல் பிட்டை ஒவ்வொன்றாய்த் தள்ளி நிமிர்த்தி வைச்ச மாதிரி, கறுத்து, வழுவழு என்று, நெட்டாய் நிற்குது. அதுகளின் தலையில் மடங்கள். முந்தி படியே இல்லை, சாமியார்மாரை வலைக்குள் இருத்திக் கயிற்றால் இழுத்து எடுத்தார்களாம். கீழே பிறந்து வளர்ந்த நீ ஒருதரம்தான் மேலே ஏறினாய் என்று சொன்னாய். பயமா? இல்லை, மேலேயும் ஆரோடாவது கோபமா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

என் முழங்காலுக்கு ஏற்ற மடம் கன்னியாஸ்திரிகள் இருக்கிறதுதான். அதற்குப் படி இல்லை, ஒரு சின்னப் பாலம். வாசலில் நின்ற ஒரு கன்னியாஸ்திரி சுகந்தியின் ஜீன்ஸைப் பார்த்துவிட்டு ஒரு துணியை நீட்டினா. அவள் அதை மேலால் சாறம் மாதிரிச் சுற்றிக்கொண்டாள்.

"பாத்தியோ?" என்றேன். "சீலை கட்டு எண்டு சொன்னனான். கேட்டியோ?"

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா என் பக்கம் திரும்பி, இடுப்பில் தெரிஞ்ச கொஞ்சத் தோலைக் கண்டு, எனக்கும் ஒரு துணி நீட்டினா. சுகந்தி சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கமாட்டேன்.

மடத்து மதிலால் எட்டிப் பார்க்க, கீழே உன் ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு. ஆறு ஒன்று வெள்ளைக் கல்லாய்க் காய்ஞ்சு கிடந்தது. மலையோடு ஒட்டின பழைய தெருவில் அந்தக் கோயிலைச் சுகந்தி காட்டினாள். மேலே நின்று பார்க்க நெருப்புப்பெட்டி அளவு.

ஆனால் ஒரு விஷயம் நீ எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாய். அந்தக் கோயிலுக்கு உன் தங்கச்சியின் வாசலைத் தாண்டாமல் போக ஏலாது. பின்னேரம் அந்த ஒழுங்கையால் ஏறும்போது படலையில் நின்ற மரத்தைக் கண்டு நான் நின்றுவிட்டேன். இலையுதிர் காலத்தில் ஜான்-டலோன் சந்தையில் நீ வாங்கிவருவாயே, மஞ்சள் பழம், பச்சையாய்க் கடிச்சால் வாய் கூசும், சீனியில் காய்ச்சினால் சிவக்கும், அந்த மரம். "எங்கட வாசல்லை நிக்குது" என்று ஒவ்வொரு வருஷமும் நீ சொல்லுற மரம். அதற்குக் கீழே ஒரு மனிசி கதிரை போட்டு இருந்து அந்தப் பழத்தைத்தான் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தாண்டிவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் கோயில் பூட்டு. திரும்பி வந்தோம். எப்போது திறக்கும் என்று சுகந்தி ஆரிடமாவது கேட்கவேணும். அந்தத் தெருவில் வேறு ஆளே இல்லை.

அவள் உன் பாஷையில் கேட்டாள். அந்த மனிசியின் கத்தி நின்றது.

"மணி அடிக்கத் திறப்பினம். நீ எங்கத்தைப் பிள்ளை?"

"மொன்றியல்."

"இந்தக் கதை மொன்றியல் கதை இல்லை. இப்பிடி இழுத்துக் கதைக்கிறது என்ர அம்மா. ஆரட்டை பிள்ளை படிச்சனீ?"

நான் சேலைத் தலைப்புக்குள்ளால் சுகந்தியைக் கிள்ளினேன். ஆனால் அவள் உன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள், உனக்கு எங்கே பொய் வந்தது, அவளுக்கு வர? "வாசோவட்டை," என்றாள்.

எலேனி எழும்பினாள். பழமெல்லாம் உருண்டு ஒழுங்கையால் போச்சு. அதைப் பார்க்காமல் எங்கள் இரண்டு பேரின் மணிக்கட்டையும் பிடிச்சு வீட்டுக்குள் இழுத்தாள். பிடி உன் பிடிதான் அக்கா. அதே இறுக்கம்.

கோபக்காரர் வீட்டில் நாங்கள் கை நனைக்கமாட்டோம். தண்ணி வென்னியும் இல்லை. அதை நீ என்னிடம் கேட்கவில்லை, ஆனால் உன் கோபம் என் கோபம் என்று நானே எடுத்துக்கொண்டது. எலேனி ஒரு கண்ணாடித் தட்டில் அந்தச் சிவந்த பழக்கூழும் கரண்டியும், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணியும் கொண்டுவந்து என் முன்னால் வைச்சாள்.

"நான் விரதம் எண்டு சொல்லு," என்றேன்.

சுகந்தி சொன்னாள். எலேனியின் முகம் விளக்கு மாதிரி மலர்ந்தது. "நானும்தான். வெள்ளியெல்லோ. சாப்பிடு, இதிலை பாலும் இல்லை, முட்டையும் இல்லை," என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடி ஒலிவ் காயும், எள்ளு அல்வாவும், அவிச்ச அவரையும் கொண்டுவந்து அடுக்கினாள். எல்லாம் விரதச் சாப்பாடு.

உன் குசினியில் வெள்ளிக்கிழமைகளில் என்னென்ன சாப்பிட்டோம் என்று எனக்கு ஒவ்வொன்றாய்த் தெரியும். அந்த நேரம் பார்த்து அது எனக்கு வரவில்லை. என் ஞாபகம் என்னைக் கைவிட்டது அண்டைக்கு ஒருநாள்தான். நான் தட்டைக் கையில் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தேன். சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அவள் மேசையில் சிந்தின தண்ணியை உள்ளங்கையால் வழிச்சுத் தன் பாவாடையில் துடைச்சாள். நீ செய்கிற மாதிரி. நான் எத்தனை தரம் உனக்கு ஏசியிருக்கிறேன், துணி இருக்கத் துணியால் துடையன் என்று. எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

பிறகு கேட்டாள். "வாசோ எப்பிடி இருக்கிறாள்?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். அவளின் கண் நிறைஞ்சு போச்சு. நான் சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்தேன்.

"இப்பவும் என்னோடை கோபமோ?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. "ஓம், இப்பவும் கோபம்தான் எண்டு சொல்லு பிள்ளை," என்றேன். பொய் இல்லையே? கடைசி மூச்சுவரை நீ கோபம்தானே?

எலேனி தொடையில் தட்டிச் சிரிச்சாள். "அப்ப சுகமாத்தான் இருக்கிறாள். அவளுக்குக் கோபம் இருந்தால்தான் சாப்பாடு இறங்கும்," என்றாள்.

அப்படியே நீ கேட்டது நடந்துபோச்சு. நான் வாய் திறக்கவில்லை. அவள் ஒன்றும் அறியாமல் சிரிச்சுக்கொண்டு இருக்கிறாள். நாளைக்கோ மற்ற நாளோ எங்கேயோ ஒரு கோப்பிக்கடையில் அறிவாள். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைச்சேன். ஆனால் வென்றதுக்குரிய சந்தோசம் வரவில்லை. தட்டு என் கையில் கனத்துக்கொண்டு வந்தது.

மணி அடிச்சுது. மூன்று பேரும் போனோம். வழிக்கல்லு வழுக்கும் என்று என் முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். மச்சாள் ஒருநாளும் என்னை அப்படிப் பிடிச்சதில்லை.

உன் கோயில் சின்னது. உள்ளே இருட்டு. சுவர் முழுக்கக் கறுத்துப்போன சாமிமார். நடுவில் கல்லால் கட்டின, படி வைச்ச ஒரு பிரசங்க மேடை. நீ சின்னனில் அந்தப் படிக்குக் கீழே ஒளிச்சு விளையாடி அடி வாங்கினது என்று சொன்னாயே, அந்த மேடைதான். நான் கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்.

மெழுகுதிரி வைக்கிற இடத்தில் இரண்டு தட்டு, இரண்டிலும் மணல். அது எனக்குப் புதிசில்லை. "மேல்தட்டு சீவனோடை இருக்கிறவைக்கு, கீழ்த்தட்டு போனவைக்கு. எல்லாக் கோயில்லையும் அப்பிடி இல்லை, எங்கட ஊரிலை அப்பிடித்தான்" என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய். பார்க் எக்ஸ்டென்ஷன் கோயிலில் மணல் பெட்டி ஒன்றுதான் என்றாலும், நீ அதிலேயே மேல் பக்கம் கீழ் பக்கம் என்று கோடு கீறி வைப்பாய். சுகந்தியின் சோதனைக்கு மேலே, என் மனிசனுக்குக் கீழே என்று என் கையாலும் வைப்பிச்சிருக்கிறாய்.

உன் அம்மாவுக்குக் கீழ்த்தட்டில் வைச்சேன். நீ வைக்காமல் விட்டதை வைச்சேன் அக்கா. அந்தக் கடமை முடிஞ்சுது.

எலேனியும் அம்மாவுக்கு ஒன்றைக் கீழே வைச்சாள். பிறகு இன்னொன்றைக் கொளுத்தி, மேல்தட்டில், நடுவில், சாயாமல் நிற்க மணலை விரலால் இறுக்கி வைச்சாள்.

"இது வாசோவுக்கு. ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறன். அவளுக்கு ஒண்டும் வரக்கூடாது."

சுகந்தி அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் அந்த மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாசியிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான் எரிஞ்சிருக்கு. உன் அம்மாவுக்கு விளக்கு உண்டு. உனக்கு மட்டும் உன் ஊரில் போனவைக்குரிய விளக்கு ஒன்றும் இல்லை. நீ இல்லாத இடத்தில் உன்னைத் தேடிக்கொண்டு ஒரு நெருப்பு எரியுது. இதுவா நீ கேட்டது? எலேனியைத் தண்டிக்கிறேன் என்று நீ உன்னையல்லவா இருட்டில் விட்டுவிட்டுப் போனாய்? இதை நீ யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கோபக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியுது.

நான் கையை நீட்டி அந்த மெழுகுதிரியை மேல்தட்டிலிருந்து பிடுங்கினேன். மெழுகு விரலில் சுட்டது. அதைக் கீழ்த்தட்டில், உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நட்டேன்.

நான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கமாட்டேன் என்றுதான் உனக்குச் சொன்னேன்.

எலேனி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெழுகுதிரியைப் பார்த்தாள். நான் அவசரத்தில் சரிவாய் நட்டுவிட்டேன். அவள் குனிஞ்சு, அதை நிமிர்த்தி, சுற்றிவர மணலை இறுக்கினாள். அதை முடிச்சபிறகுதான் கேட்டாள்.

"எப்ப?"

சுகந்தி சொன்னாள். எலேனி தலையாட்டினாள். அவள் கத்தவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை. கீழ்த்தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு, மேசையில் சாய்ஞ்ச மாதிரி நின்றாள். நான் பக்கத்தில் போய், அவள் என்னைப் பிடிச்ச மாதிரியே அவளின் முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நின்றேன். வழுக்குகிற கல் அங்கேயும் இருந்தது.

திரும்பி வீட்டுக்குப் போய் அவள் கோப்பி ஊற்றினாள். சீனி இல்லாத கோப்பி, கடிக்க ஏலாத கல் மாதிரி ஒரு றஸ்க். செத்தவீட்டுக் கோப்பி அப்படித்தானாம். நான் வாங்கிக் குடிச்சேன். செத்தவீட்டில் கோபம் பார்க்கிறதில்லை, உங்களுக்கும் எங்களுக்கும்.

"உன்ர விரதம் முடிஞ்சுதோ?" என்றாள் எலேனி, மூக்கைத் துடைச்சுக்கொண்டு. "வாசோவின்ர ஆள் என்ர வீட்டிலை சாப்பிடாது எண்டு எனக்குத் தெரியும். விரதச் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைச்சால் என்ன செய்யிறாய் எண்டு பாத்தனான்."

பார், என்னையே மடக்கியிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு அக்கா. கோவிக்கிறதென்றால் கோவி.

அம்மாவின் சாவை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளாய்ச் சொன்னாள். "ஃபோனைக் கையிலை எடுத்தனான். சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அங்கை என்ர அக்காவுக்கு அம்மா உயிரோடை எண்டு நினைச்சன். நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். பேந்து இன்னொரு நாள். பேந்து சொல்ல வெக்கமாப் போச்சு."

அது பிழை, பெரிய பிழை, தாயின் சாவைச் சொல்லாமல் விட உனக்கு என்ன உரிமை என்று நான் அவளுக்கு நல்லாய்ச் சொன்னேன். உனக்காகச் சொன்னேன். சுகந்தி அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. எலேனி என் கையைத் தட்டிக்கொடுத்து இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள். உன் குசினியில் வளர்ந்த பிள்ளை எல்லாத்தையும் ஒழுங்காய் மொழிபெயர்க்கிறதில்லை போல.

வெளிக்கிடும்போது நான் "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லிறேல்லை. எழும்பி நடந்தேன். எலேனி படலைவரை வந்து, ஒரு போத்தல் பழக்கூழைத் துணியால் சுற்றி என் பையில் வைச்சாள். "அவளின்ர கல்லறையிலை வை," என்றாள். அது இப்போது எங்கள் பிரிட்ஜில் இருக்குது. நீ அவளின் கையால் ஒன்றும் வாங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கொண்டு வரட்டோ, வேண்டாமோ? அது நீயும் அவளும் தீர்க்கிற விஷயம். நான் நடுவில் போத்தலோடு நிற்கிறேன்.

அவள் இனி வெள்ளிக்கிழமைகளில் உனக்குக் கீழ்த்தட்டில்தான் வைப்பாள். உன் கோபத்தை நான் விடவில்லை, அது என் கோபங்களோடு, மச்சாளுக்குப் பக்கத்தில், பத்திரமாய் இருக்குது. ஆனால் உன் விளக்கு உனக்குரிய இடத்தில் எரியவேணும். அதில் நான் உன் சொல்லைக் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. எலேனியின் மகன் அந்த ஊரிலேயே கடை வைச்சிருக்கிறான். சுகந்தியின் ஃபோன் நம்பரை அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். எலேனிக்கு ஒன்று என்றால் அவன் அண்டைக்கே ஃபோன் எடுப்பான். அவன் எடுத்த அண்டைக்கே, சுகந்தி வேலையில் நின்றாலும், பனி கொட்டினாலும், இல்-பிசாரிலிருந்து பஸ் மாறி மாறி உன் கல்லறைக்கு வந்து, உன் தலைமாட்டில் நின்று நான் வாய் திறந்து சொல்லுவேன். இந்தமுறை உனக்கு ஒருத்தரும் பிந்திச் சொல்லமாட்டார்கள். நான் அவளுக்கு முந்திப் போய்விட்டால் சுகந்தி வந்து சொல்லுவாள், உன் அம்மா கதைச்ச மாதிரியே.

இப்படிக்கு,
உன் வீட்டுக் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிற
கீழ்வீட்டுத் தங்கச்சி பாக்கியம்